ஷிராஸ்: மாலிக் பொட்டு ஒருவழியாகப் போனது

வீட்டில் செய்யும் ஷிராஸ் சிவப்பு ஒயினில், 54 லிட்டர் குடுவையின் சோதனைத் தாளில் தெரிந்த மாலிக் அமிலப் பொட்டு கடைசியில் மறைந்துவிட்டது. மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும் வேலை, ஏப்ரலில் முடிந்திருக்க வேண்டியது, ஆகஸ்ட் வரை இழுத்தடித்தது. நடுவில் "சல்பரைப் போட்டு (அது பாக்டீரியாவை அடக்கிவிடும்) மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்" என்று புத்தி சொன்னவர்கள் எல்லாரும் வந்து பார்க்கலாம், தாளை ஷெட் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடிலெய்டுக்குத் தெற்கே இருக்கும் மெக்லாரன் வேலில் விளைந்த ஷிராஸ் திராட்சை, 150 கிலோ. நசுக்கியது, ஈஸ்ட் போட்டது, மேலே மிதக்கும் தோலை நாள்தோறும் அமுக்கியது, பிழிந்தது எல்லாம் வழக்கம்போல. அதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. பிழிந்த பிறகு 54 லிட்டர் குடுவை ஒன்று, 34 லிட்டர் குடுவை ஒன்று, மீதி சின்ன ஜாடிகளில். இதுவரை சரி.

பிரச்சினை திராட்சையிலேயே வந்தது. விற்றவர் போனில் சொன்னது 13.8 போமே (சாற்றின் சர்க்கரை அளவு). வீட்டுக்கு வந்து ஹைட்ரோமீட்டரை விட்டால் 15.4. பிப்ரவரிக் கடைசியில் வெயில் கொளுத்தினால் சில நாளிலேயே சர்க்கரை எகிறிவிடும், அது அவர் குற்றமில்லை. ஆனால் எண்ணைச் சொன்னவர் அதை எந்தக் கிழமை அளந்தார் என்று சொல்லவில்லை. போதாததற்கு, பறித்த பெட்டியின் மேல் சல்பர் தரும் மெட்டாபைசல்பைட் பொடியைத் தூவியிருந்தார். எவ்வளவு என்று கேட்டால், "கொஞ்சம்தான்". அந்தக் கொஞ்சம்தான் பிறகு என்னை மாதக்கணக்கில் அலைக்கழித்தது.

15.4-ஐ அப்படியே விட்டால் தித்திப்பும் காட்டமுமான போர்ட் ஒயின் மாதிரிதான் வரும். அதனால் டார்டாரிக் அமிலம் கலந்த தண்ணீர் 6 லிட்டர் ஊற்றி 14.6-க்கு இறக்கினேன். தண்ணீர் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: ஆஸ்திரேலியாவில் 2017 முதல் பெரிய ஒயினரிகளுக்கே 13.5 போமேக்குக் கீழே போகாத அளவில் சாற்றில் தண்ணீர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. சர்க்கரை அதிகமாகி நொதித்தல் பாதியில் நின்றுபோவதைத் தவிர்க்க வந்த ஏற்பாடு அது. பிஎச் 3.78 இருந்தது (எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்). லிட்டருக்கு 2 கிராம் டார்டாரிக் சேர்த்ததில் 3.58-க்கு வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சிவப்பு ஒயின் செய்கிறவருக்கு டார்டாரிக் மூட்டை சமையலறை உப்பு ஜாடிக்குச் சமம்.

இனி மாலிக் விஷயம். இங்கேதான் நம் ஊர்க் காலண்டர் சதி செய்கிறது. ஈஸ்ட் வேலை செய்யும்போது மார்ச் வெயில், சாறு தானாகவே சூடாகிக் கொதிக்கிறது, குளிர வைக்கத்தான் ஐஸ் பாட்டில்களோடு ஓட வேண்டியிருக்கிறது. அது முடிந்து பாக்டீரியாவின் முறை வரும்போது இலையுதிர் காலம், அப்புறம் குளிர்காலம். ஜூலையில் அடிலெய்டில் பகலில் 15, 16 டிகிரி, இரவில் 7, 8. என் தகர ஷெட்டுக்குள் குடுவை 11 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். ஈனோகாக்கஸ் ஈனி என்ற அந்த பாக்டீரியாவுக்கு 20 டிகிரியாவது வேண்டும். குளிர்நாளில் உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருக்குமே, அதே கதை.

வெயில் ஊர்த் திராட்சையில் மாலிக் அமிலமே குறைவு, சூட்டில் பழமே அதைச் செலவழித்துவிடும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் இருந்தால் அதிகம். அதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒன்றரை கிராம் பாட்டிலுக்குள் போய், அடுத்த கோடையில் அங்கே பாக்டீரியா விழித்துக்கொண்டால் தெரியும். கலங்கும், நுரைக்கும், மூடியை முட்டும். நுண்ணிய வடிகட்டி வைத்திருக்கும் ஒயினரிக்கு அந்தப் பயம் இல்லை. நமக்கு இருக்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது? குமிழியை நம்பக் கூடாது. குடுவை சூடானால் கரைந்திருக்கும் வாயு வெளியே வரும், அதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று சந்தோஷப்படுவது வீண். அமிலங்களைத் தாளில் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் தாள் குரோமடோகிராபிதான் வழி. ஒன்றாம் எண் வாட்மன் தாள், கீழ் விளிம்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் பென்சில் கோடு (பேனா கூடாது, மை சேர்ந்து ஏறும்), அதில் டார்டாரிக், மாலிக், லாக்டிக் மாதிரிகளுக்கு ஒவ்வொரு பொட்டு, பக்கத்தில் நம் ஒயின். நுண்குழாயால் தொட்டு வை, காய விடு, அதே இடத்தில் மறுபடி தொட்டு வை. பொட்டு சின்னதாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய சொட்டு வைத்தால் மேலே போய் வால் நீண்ட பூதமாக நிற்கும், மாலிக் எங்கே முடிந்து லாக்டிக் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தாளைக் குழாயாகச் சுருட்டி ஸ்டேப்ளர் அடிக்கும்போது இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் அந்தப் பக்கம் கரைப்பான் வேகமாக ஏறி வரிசை முழுக்கச் சாயும்.

கரைப்பானில் பியூட்டனால், ஃபார்மிக் அமிலம், புரோமோகிரீசால் பச்சை. நாற்றத்தைப் பற்றி எழுதினால் அச்சில் ஏறாது. வீட்டம்மா முதல் தாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இது சமையலறைப் பக்கம் வந்தால் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்." அம்மா வீடு மதுரையில் இருக்கிறது. ஆகவே ஷெட்.

ஷெட்டில் காய வைப்பதுதான் பெரும்பாடு. கரைப்பான் மேலேறச் சில மணி நேரம் போதும். ஆனால் ஃபார்மிக் அமிலம் முழுக்க ஆவியானால்தான் தாள் நீலப்பச்சையாகி, அமிலம் இருக்கும் இடம் மஞ்சளாகத் தெரியும். ஈரக் குளிரில் தாள் மறுநாளும் மஞ்சளாகவே நிற்கும். ஹேர் டிரையர் பிடித்தால் ஓரங்கள் மட்டும் நீலமாகி நடுவில் குழப்பம்தான் மிஞ்சும். எனக்குச் சரிப்பட்டது, சின்ன மேசை விசிறிக்கு முன்னால் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டு மறந்துவிடுவது. இன்னொன்று, கரைப்பான் புட்டியில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் கீழே இருக்கும் தண்ணீர் அடுக்கை அகற்றிவிட்டு மேல் அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

தாளில் கீழே டார்டாரிக், நடுவில் மாலிக், மேலே லாக்டிக். 34 லிட்டர் குடுவையை வீட்டுக்குள் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அதில் மே மாதத்திலேயே மாலிக் வெளிறத் தொடங்கியது. 54 லிட்டர் குடுவையில், அதே சாறு, அதே பாக்டீரியா உறை, அதே நாள், மாலிக் பொட்டு பொங்கல் சூரியன் போல் அப்படியே இருந்தது. நிறைந்த குடுவை எழுபது கிலோ வரும், அதை வீட்டுக்குள் தூக்கிப்போக ஆள் இல்லை.

குளிர் மட்டும் காரணமா என்று சந்தேகம் வந்து மாதிரியைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினேன். கட்டற்ற (வேறெதோடும் சேராத) சல்பர் கிட்டத்தட்ட இல்லை. மொத்தம் லிட்டருக்கு 52 மில்லிகிராம்! நான் போட்டது அதில் பாதிகூட இல்லை. பொடி தூவியவரின் "கொஞ்சம்தான்" ஒரு பங்கு, மீதியில் ஈஸ்ட்டின் கைவரிசையும் உண்டு. ஈசி1118 ரக ஈஸ்ட் அதிக சர்க்கரையைத் தாங்கும் என்பதற்காகத்தான் எல்லாரும் எடுக்கிறோம், ஆனால் ஊட்டம் குறைந்தால் அது தானாகவே சல்பர் டைஆக்சைடு உண்டாக்கும். கட்டுண்ட சல்பரும் இந்த பாக்டீரியாவை அமுக்கும். அதோடு 14.8 சதவீத ஆல்கஹால், அதோடு 11 டிகிரி. ஒவ்வொன்றையும் தனியாகத் தாங்கும், மூன்றும் சேர்ந்தால் படுத்துவிடும்.

சூடாக்க முதலில் கடையில் விற்கும் வெப்பப் பட்டி. அதைக் குடுவையின் வயிற்றில் கட்டினால் கட்டிய இடத்தில் கண்ணாடி கொதிக்கிறது, மேலே இருக்கும் ஒயின் சூடாகிறது, பாக்டீரியா குடியிருக்கும் அடிமண்டி மட்டும் குளிர்ந்தே கிடக்கிறது. அடியில் கட்டினால் இன்னும் மோசம், இத்தனை ஆல்கஹாலில் அந்தச் சூடு பாக்டீரியாவையே கொன்றுவிடும். பட்டியைக் கழற்றி இஞ்சி பீர் செய்யும் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன், அவருக்குப் பிரமாதமாக வேலை செய்கிறதாம்.

தீர்வு மீன் தொட்டி ஹீட்டர். பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் குடுவை, தோள் வரை தண்ணீர், 21 டிகிரிக்கு வைத்த ஹீட்டர், தண்ணீரைச் சுற்ற வைக்கச் சின்ன பம்பு. நிறைந்த குடுவையைத் தொட்டிக்குள் இறக்க முடியாது. காலிக் குடுவையைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கார்பன் டைஆக்சைடு நிரப்பி, ஒயினை மண்டியோடு குழாய் வழியாக மாற்றினேன். சல்பர் பாதுகாப்பு இல்லாத ஒயின், காற்றுப் பட்டால் வினிகராக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். பிஎச் 3.5-க்கு மேல் என்றால் பீடியோகாக்கஸ் மாதிரி வேண்டாத பாக்டீரியா விருந்தாளிகளும் வரத் தயாராக நிற்பார்கள். குழாய் நுனி திரவத்துக்கு அடியிலேயே இருக்க வேண்டும் என்று குனிந்து பிடித்த இடுப்பு இன்னும் வலிக்கிறது.

மாற்றும்போது ஈஸ்ட் கூடு (செத்த ஈஸ்ட்டின் வெறும் தோல்) கொஞ்சம் சேர்த்தேன், பாக்டீரியாவுக்கு ஆகாத கொழுப்பு அமிலங்களை அது இழுத்துக்கொள்ளும். புது உறைக்கு மறுபடி கடைக்குப் போகவில்லை. உறைபொடியின் ஆகச் சின்னப் பொட்டலமே 250 லிட்டருக்கு, உறைநிலையில் வைக்க வேண்டியதைக் கூரியர்க்காரர் வாசல் வெயிலில் வைத்துவிட்டுப் போவார். அதற்குப் பதிலாக, முடியும் தறுவாயில் இருந்த 34 லிட்டர் குடுவையிலிருந்து மண்டியோடு 5 லிட்டர் எடுத்து இதில் ஊற்றினேன். அந்த பாக்டீரியா 14.8-க்கு ஏற்கெனவே பழகியது, கடைச்சரக்கு அப்படி இல்லை. பிறகு அவ்வப்போது மண்டியை மெல்லக் கிளறிவிட்டதோடு சரி. அடுத்த தாளில் மாலிக் பொட்டின் ஓரம் மங்கியிருந்தது, அதற்கடுத்ததில் நிழல் மட்டும், இப்போது ஒன்றுமில்லை. தாளில் பொட்டு மறைந்தாலும் லிட்டருக்கு 0.1 கிராம் வரை ஒளிந்திருக்கலாம், அதனால் என்சைம் சோதனைக்கு மாதிரி அனுப்பியிருக்கிறேன். பிஎச் 3.66.

பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் இதையெல்லாம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மரக்கூடைப் பிரஸ்ஸில்தான் நான் பிழிவது. மார்ச்சில் பொட்டலத்தில் மிஞ்சிய உறைபொடியைக் கொடுக்கப் போனபோது, "பாக்டீரியாவா? என் ஒயினிலா?" என்று கதவைச் சாத்தாத குறை. அவர் கணக்கில் செப்டம்பரில் கொடி துளிர்க்கும்போது ஒயினும் தானாக எழுந்து குமிழியிடும், அவ்வளவுதான். அதே பாக்டீரியாதான் ஐயா அது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மரப்பீப்பாயில் எத்தனையோ விளைச்சலின் பாக்டீரியா குடியிருக்கிறது, கழுவிய கண்ணாடியில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மெல்போர்னில் இருக்கும் நண்பர் விக்டோரியா மாநிலத்து ஹீத்கோட் ஷிராஸ் திராட்சையை இலவசமாகத் தருகிறேன் என்கிறார். சும்மா காரில் போட்டு எடுத்து வர முடியாது. விக்டோரியாவில் 1877-இல் ஜீலாங் பக்கம் கொடியின் வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி பிடித்ததிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியா எல்லையில் கெடுபிடி, 1899-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ரென்மார்க் பக்கம் யாம்பா சோதனைச் சாவடியில் பழ ஈக்காகக் காரிலிருக்கும் ஆரஞ்சைக்கூட விடமாட்டார்கள். எனக்கு இதில் மனக்குறை இல்லை. பரோசாவில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் (வேறு வேரில் ஒட்டுப்போடாமல்) சொந்த வேரில் காய்க்கின்றன என்றால் இந்தக் கெடுபிடிக்கும் அதில் பங்குண்டு.

திராட்சைக்கு இப்போது பஞ்சமும் இல்லை. சீனா 2021-இல் ஆஸ்திரேலிய ஒயினுக்கு 200 சதவீதத்தையும் தாண்டி வரி போட்டது, 2024 மார்ச்சில்தான் எடுத்தது. தொட்டிகளில் தேங்கிய சிவப்பு ஒயின் அவ்வளவு சீக்கிரம் வடியுமா? ரிவர்லாண்ட் திராட்சைப் பகுதியில் வயிற்றெரிச்சலோடு கொடியைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காரர்கள் அடிமாட்டு விலை கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கேட்பதெல்லாம் அளந்த தேதியும் தூவிய பொடியின் கணக்கும்தான்.

அடுத்த விளைச்சலுக்கு ஷிராஸ் வேண்டாம், மெக்லாரன் வேலிலேயே இருக்கும் பிளூயிட் ஸ்பிரிங்ஸ் மணல் நிலத்துக் கிரெனாஷ் திராட்சை பார்க்கிறேன். ஈஸ்ட் போட்ட மறுநாளே பாக்டீரியாவையும் போட்டுவிடுவதாக உத்தேசம், மார்ச் சூட்டிலேயே இரண்டும் சேர்ந்து முடிக்கட்டும். சர்க்கரை மிச்சமிருக்கும்போது பாக்டீரியாவை விட்டால் வினிகர் வாடை வரும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஈஸ்ட் நின்றுபோனால்தான் அந்த ஆபத்து, 14 போமேக்குள் பறித்தால் பெரும்பாலும் நிற்காது. கிரெனாஷும் சர்க்கரையில் ஷிராஸுக்குச் சளைத்ததல்ல, அதனால் பறிக்கும் நாளில் ஹைட்ரோமீட்டரோடு நானே தோட்டத்தில் நிற்கப் போகிறேன்.

இந்த ஷிராஸுக்கு இன்னும் ஓக் மரவாசம் காட்டவில்லை, சல்பர் போடவில்லை, பாட்டிலும் வாங்கவில்லை. சோதனை முடிவு வந்ததும் சல்பர். பிரெஞ்சு ஓக் பலகைத் துண்டுகள் போதுமா, இல்லை யாரிடமாவது பழைய 50 லிட்டர் பீப்பாய் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வினிகர் வாடை அடிக்காத பீப்பாயாக இருந்தால் சொல்லுங்கள், வந்து முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன்.