பாலை யாருக்கு ஊற்றுகிறோம்?

பெரியவர்கள் பால் குடிக்கலாமா, கூடாதா என்று இப்போது யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோயிலில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள். போனைத் திறந்தால் ஒருவர் பால் விஷம் என்கிறார், அடுத்தவர் அமுதம் என்கிறார். பாவம், ஜனங்கள் குழம்பிப் போகிறார்கள். நான் யாங்கோனில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் அப்பா இன்செயின் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். ஒரு சொட்டை நகத்தின் மேல் விட்டு, அது நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேனை மூடுவார். அதனால் பால் என்றால் எனக்கு ஒரு பாசம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் வார்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: நம் வீடுகளில் பால் யாருக்கு வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேருவதில்லை. அவ்வளவாக வேண்டாதவர்களுக்குத் தாராளமாகப் போகிறது.

இடுப்பு எலும்பு முறிந்து வருகிற பாட்டிகளில் பெரும்பாலோர் பெரிய விபத்தில் சிக்கியவர்கள் இல்லை. ராத்திரி கரண்டு இல்லாத நேரத்தில் குளியலறையில் கால் வழுக்கியிருக்கும், பாயிலிருந்து எழும்போது தடுமாறியிருக்கும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் நோயாளிக்குச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் வரும். டிபன் கேரியரைத் திறந்தாலே அந்த வீட்டில் அவர் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்துவிடும்.

ஓர் அம்மா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார். எழுபதைத் தாண்டியவர். கணவர் போன பிறகு மீன், கறி, முட்டை எல்லாம் விட்டுவிட்டார். செவ்வாய், வெள்ளி ஒரு வேளைதான். கேரியரின் மேல் அடுக்கில் கொஞ்சம் கத்தரிக்காய், நடுவில் ரசம், அடியில் குழைந்த சோறு. திருப்பிப் படுக்க வைக்க மேல்கையைப் பிடித்தால் தோலும் எலும்பும்தான் கைக்கு வரும், சதை என்று ஒன்று கிடையாது. மகன் பாசமான பிள்ளை. அம்மாவுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய பால் டீயைத் தினமும் கொண்டு வருவார்.

"வீட்ல பால் வாங்குவீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"வாங்குறோம் ஸயாமா. பிள்ளைங்களுக்கும் எனக்கும். அம்மா வேணாம்னுடுவாங்க."

கட்டிலிலிருந்து அந்த அம்மா சொன்னார்: "எனக்கு எதுக்கும்மா பாலு? குடிச்சா வயிறு ஊதிக்குது. பிள்ளைங்க குடிக்கட்டும்."

நான் சொல்ல வருவது முழுவதும் இந்த நாலு வரிக்குள் இருக்கிறது. வயிறு ஊதுவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது பொய்ச் சாக்கு இல்லை. பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் சுரக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற வயதில் எல்லாருக்கும் நன்றாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களுக்கு அது குறைந்துவிடுகிறது. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். வாயு, உப்புசம், வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால்தான். பெரியவரான பிறகும் லாக்டேஸ் நிற்காமல் சுரக்க வைக்கிற மரபணு மாற்றம் வட ஐரோப்பியர்களிடம் மிக அதிகம். இந்தியாவில் வடமேற்கில் நிறையப் பேரிடம் இருக்கிறது, தெற்கே, கிழக்கே வர வரக் குறைகிறது. நம் தாத்தா பாட்டி வந்த ஊர்கள் தெற்கில். நாம் வாழ்கிற மண்ணிலும் பர்மியர்கள் பரம்பரையாகப் பால் குடித்துப் பழகியவர்கள் இல்லை. உழுகிற மாட்டை மதிப்பார்கள், கறக்க வேண்டும் என்று பெரிதாக நினைத்ததில்லை. எனவே வயிறு ஊதுகிறது என்று ஒரு பாட்டி சொன்னால் அதை அப்படியே நம்புங்கள்.

ஆனால் நம்பிவிட்டு அதோடு நிறுத்திவிடக் கூடாது. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் அநேகம் பேருக்கு ஒரு வேளைக்குப் பன்னிரண்டு கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொந்தரவு தராது. அது ஒரு பெரிய டம்ளர் பாலுக்குச் சமம். வெறும் வயிற்றில் மடமடவென்று குடிக்காமல் சோற்றோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் இன்னும் நன்றாகத் தாங்கும். அதைவிட நல்ல வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. பால் தயிராகும்போது லாக்டோஸில் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது. மீதியை உடைக்கிற வேலையை உயிரோடு இருக்கிற தயிர்க் கிருமிகளே வயிற்றுக்குள் போய்ச் செய்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாத எத்தனையோ பாட்டிகள் மோர்ச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடுவது இதனால்தான்.

கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிற இந்தக் காலத்தில் பாலைப் பிரிட்ஜை நம்பி வைக்கவும் முடியாது. காய்ச்சி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறை ஊற்றி மூடி வையுங்கள். திஞ்ஜான், அதாவது ஏப்ரல் புத்தாண்டு வெயிலில் காலையில் ஊற்றினால் மதியச் சாப்பாட்டுக்குத் தோய்ந்திருக்கும். புளித்தால் மோராக்கிக்கொள்ளலாம். கடையில் விற்கிற இனிப்புத் தயிர் வேறு, அதில் சர்க்கரை கொட்டிக் கிடக்கும்.

அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் பை. நம் ஊர் டீக்கடையில் பால் என்று சொல்வது பெரும்பாலும் நோஸீதான், அதாவது டப்பாவில் வருகிற கெட்டிப் பால். இந்த நாட்டில் அதன் டப்பாவுக்கு எவ்வளவு செல்வாக்கு என்றால், அரிசியையே அதில்தான் அளக்கிறோம், எட்டு டப்பா சேர்ந்தால் ப்யி என்கிற ஒரு படி. டீ மாஸ்டர் கைவேகத்தை நான் இன்றைக்கும் நின்று பார்ப்பேன். கப்பின் அடியில் நோஸீயை வளைத்து ஊற்றி, மேலே வடிகட்டிய தேயிலைச் சாயம், மேலே இன்னொரு டப்பாவிலிருந்து சர்க்கரை சேராத கெட்டிப் பால், அப்புறம் ஆற்றல். ச்சோ செய்ங், அதாவது நல்ல இனிப்பும் கெட்டியுமாகக் கேட்டால் அடியில் விழுவது இன்னும் தாராளம். ருசியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோஸீ டப்பாவில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் கூடுதல் சர்க்கரை மட்டும் 18 கிராம் அளவுக்கு வரும். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாவது கப்பிலேயே அது தாண்டிவிடுகிறது. நிறைய டப்பாக்களில் பால் கொழுப்பை எடுத்துவிட்டுப் பாமாயில் சேர்க்கிறார்கள், லேபிளில் கிரீமர் என்று போட்டிருப்பார்கள். அந்த மகன் அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கி வந்ததில் பால் கொஞ்சம், சர்க்கரையும் சாயமும் அதிகம். சர்க்கரை நோய் உள்ள அம்மாவாக இருந்தால் தெம்புக்குப் பதில் தொல்லைதான் வந்து சேரும்.

சரி, உண்மையான பால் எலும்பைக் காப்பாற்றுமா? இதில் இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் சண்டை போடுகிறார்கள். 2014-ல் ஸ்வீடனிலிருந்து ஒன்று வந்தது. 61,433 பெண்களையும் 45,339 ஆண்களையும் பல வருடம் கவனித்ததில், ஒரு நாளைக்கு மூன்று டம்ளரோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களிடம் எலும்பு முறிவும் மரணமும் அதிகமாக இருந்தன. தயிர், சீஸ் சாப்பிட்டவர்களிடம் அப்படி இல்லை. பால் விஷம் என்கிறவர்கள் கையில் இருப்பது இதுதான். 2018-ல் 21 நாடுகளில் 1,36,384 பேரைப் பார்த்த ஆய்வு வந்தது. அதில் பால் பொருள்களை ஒரு நாளைக்கு இரண்டு பங்குக்கு மேல் எடுத்தவர்களிடம், எடுக்காதவர்களைவிட இதய நோயும் மரணமும் குறைவு. அமுதம் என்கிறவர்கள் இதைக் காட்டுகிறார்கள். இரண்டுமே கவனித்துக் கணக்கெடுத்தவை. யார் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துச் சோதித்தவை இல்லை. பால் குடிப்பவரும் குடிக்காதவரும் வேறு எத்தனையோ விஷயத்திலும் வேறுபட்டிருப்பார்கள்.

கொடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2021-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. என் மனதை மாற்றவே முடியாதபடி உட்கார்ந்துவிட்டது அதுதான். 60 முதியோர் இல்லங்கள், 7,195 பேர், சராசரி வயது 86. பாதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு. மற்றப் பாதியில் அதே சாப்பாட்டோடு பால், தயிர், சீஸ் கூட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில், கூட்டிக் கொடுத்த இல்லங்களில் எலும்பு முறிவு 33 சதவீதம் குறைவு, இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதம் குறைவு. கீழே விழுவதுகூட 11 சதவீதம் குறைந்தது. அவர்கள் யார் என்பதை நன்றாகக் கவனியுங்கள்: வயதானவர்கள், கால்சியமும் புரதமும் போதாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், வைட்டமின் டி மட்டும் குறைவில்லாமல் இருந்தவர்கள். ஏற்கெனவே மூன்று டம்ளர் குடிக்கிற ஸ்வீடன்காரருக்கு நாலாவது டம்ளர் என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி. ரசம் சோற்றில் நாளை ஓட்டுகிற நம் பாட்டிக்கு முதல் டம்ளர் என்ன செய்யும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் போனில் சத்தம் போடுகிறார்கள்.

200 மில்லி பாலில் ஆறு, ஏழு கிராம் புரதமும் 240 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் இருக்கின்றன. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நாற்பத்தைந்து கிராம் புரதமாவது வேண்டும். சோறும் ரசமும் கத்தரிக்காயும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, பி12. அது காய்கறியிலும் பருப்பிலும் கிடையாது. சைவக்காரருக்குப் பாலும் தயிரும்தான் அதற்கு வழி, இல்லையென்றால் மாத்திரை. அது குறைந்தால் பாதம் மரத்துப் போகும், நடை தடுமாறும். மரத்த காலோடு இருட்டில் குளியலறைக்குப் போகிற பாட்டியை நினைத்துப் பாருங்கள்.

இப்போது மகனுக்கு வருவோம். நாற்பது வயது, காலையில் மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா, மதியம் மீன் குழம்பு, ராத்திரி முட்டையோ கோழியோ. இவருக்குப் பால் கட்டாயம் இல்லை. முள்ளோடு மெல்லுகிற சின்னக் கருவாடு, மகுவே பக்கத்திலிருந்து வருகிற தோல் நீக்காத எள், கீரை எல்லாவற்றிலும் கால்சியம் இருக்கிறது. ஆசைப்பட்டால் ஒரு டம்ளர் குடிக்கட்டும், கெடுதல் இல்லை. கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர் ஆடை எடுத்த பாலாகக் குடிக்கலாம். ஆனால் வீட்டில் வாங்குவது ஒரே ஒரு அளவு பால்தான் என்றால், முதல் பங்கு சின்னப் பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும். மகனும் மருமகனும் அதற்குப் பிறகுதான்.

இதைச் சொன்னால் சில வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். உழைக்கிற ஆம்பிளைக்குத் தெம்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், அதற்கு அவர் தட்டில் மீன் இருக்கிறது. பாட்டி தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்க எவ்வளவு சிரமப்பட்டாலும் பால் தேடி வாங்குகிற குடும்பங்கள் நாம். பாட்டிக்கு ஒரு கிண்ணம் தயிர் தேடுவது அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். வாழ்நாள் முழுக்க எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டே பழகியவர், கேட்டால் வேறு என்ன சொல்லுவார்? கேட்காமல் சோற்றில் பிசைந்து கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அந்த அம்மாவின் மருமகளிடமும் இதையேதான் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து கேரியரின் நடு அடுக்கில் தயிர் வந்தது. சாப்பிட்டார், வயிறும் ஊதவில்லை.

தொடங்குகிறபோது அரைக் கிண்ணம் போதும். ஒத்துக்கொண்டால் இரண்டு வேளையாக்குங்கள். காலை வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள், வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. தெரிந்தவர் வீட்டு மாடு என்றாலும் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் கொடுக்கக் கூடாது, பச்சைப் பாலில் காசநோய்க் கிருமியும் புருசெல்லா கிருமியும் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பால், தயிர் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் பாலுக்கும் நடுவில் நாலு மணி நேரம் விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் பாலோடு விழுங்கக் கூடாது, தண்ணீரோடு போட்டு, தயிரை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.