கூரை எங்களுடையது, சோலார் வேறொருவருடையது

எங்களிடம் பனியன் வாங்கும் பயர் கேட்ட கார்பன் உமிழ்வுக் கணக்கு போன வாரம்தான் ஒருவழியாக ஓகே ஆனது. இரண்டு மாத அலைச்சல்.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி கூரையில் 200 கிலோவாட் சோலார். பேனல், மின் ஆய்வாளர் அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. வினை ஒரு ஏஜென்ட் உருவில் வந்தது. "உங்க கரண்டுக்கு ஐ-ரெக் சர்டிபிகேட் எடுத்து வித்துத் தர்றேன் சார், சும்மா வர்ற காசு." ஐ-ரெக் என்பது இது பசுமை மின்சாரம் என்று சொல்லும் சான்று; அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ஆயிரம் யூனிட்டுக்கு ஒன்று, வருடத்துக்கு 280 தேறியது. செலவு போகப் பதினாறாயிரம் சொச்சம். ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வாங்கவே சரியாகப் போய்விட்டது.

அப்புறம் பயரின் படிவத்தில் "சோலார் 2.8 லட்சம் யூனிட், உமிழ்வு பூஜ்யம்" என்று பெருமையாக நிரப்பினேன். கணக்கைச் சரிபார்த்த பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சர்டிபிகேட் யாரிடம் இருக்கிறது?" விற்றாகிவிட்டது என்றேன். "அப்படியானால் அவ்வளவும் உங்களுக்கு சாதா கிரிட் கரண்ட்தான்." கம்பெனிகள் கார்பன் கணக்குப் போடப் பின்பற்றும் ஜிஎச்ஜி புரோட்டோகாலின் 2015 ஸ்கோப் 2 விதி (வாங்கும் கரண்டின் உமிழ்வுக்கானது) அப்படித்தான் சொல்கிறது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டதில், கிட்டத்தட்ட 200 டன் எங்கள் தலையில் ஏறியது. பேனல் என்னவோ அதே தலைக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது!

ஏஜென்டைப் பிடித்தால், "வேணும்னா இதே கரண்டுக்குக் கார்பன் கிரெடிட்டும் போட்டுடலாம்" என்கிறார். அதாவது, குறைத்த உமிழ்வை டன் கணக்கில் விற்பது. ஒரே யூனிட்டை இரண்டு தடவை விற்க முடியாது. அதுபோக, கிரெடிட் இல்லாமலே கட்டுப்படியாகிறது என்று, கிரிடோடு இணைந்த புதிய சோலார் திட்டங்களை இந்தியாவிலிருந்து, கார்பன் கிரெடிட் வழங்கும் வெர்ரா அமைப்பு 2020 முதல் எடுப்பதே இல்லை.

கடைசியில் அந்த 200 டன்னைக் கணக்கிலிருந்து இறக்க, எவருடைய காற்றாலை சர்டிபிகேட்டையோ, விற்ற விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினோம். முதல் 30-ஐ ரிடீம் செய்தபோது (இன்னார் பயன்படுத்தினார் என்று பதிந்து சர்டிபிகேட்டை முடித்துவிடுவது), பயனாளி இடத்தில் ஏஜென்ட் கம்பெனி பெயர் விழுந்துவிட்டது. ரிடீம் ஆனது ஆனதுதான், திரும்ப வராது. அதனால் பட்டனை அமுக்கும் முன் பெயரையும் வருடத்தையும் நீங்களே படித்துப் பாருங்கள். மீதி 250-ஐயும், புதிதாக வாங்கிய 30-ஐயும் பக்கத்திலேயே உட்கார்ந்து முடித்தேன். இந்த வருடக் கூரைக் கரண்டுக்குச் சர்டிபிகேட் எங்கள் பெயரிலேயே ரிடீம் ஆகிறது.

நேற்று அந்த ஏஜென்டின் வண்டி பக்கத்துத் துணிச் சாயப் பட்டறை வாசலில் நின்றது. உள்ளே இருக்கும் மாமாவுக்கு உடனே போன் போட்டுவிட்டேன்.