உங்க நாயா இருந்தா விடுவீங்களா?

"உங்க நாயா இருந்தா இங்க விடுவீங்களா தம்பி?"

டீச்சர் கேட்டது அவ்வளவுதான். "விட மாட்டேன் டீச்சர்" என்று நான் சொன்னதும் அவ்வளவுதான். எங்களுடையது நாய்களுக்கான கிளினிக், வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுப்போகக் கூண்டுகளும் உண்டு. உள் அறையில் டாக்டர் ஒரு பொமரேனியனுக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். சம்பளம் வாங்குகிற இடத்தைப் பற்றி இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டுமே என்று அந்த நேரம் எனக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது. இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த நிறைவை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

டீச்சருக்கு மகள் பிரசவம், ஷார்ஜாவில். போனால் திரும்பி வர 40 நாள். புளியரை வீட்டில் வேறு ஆள் கிடையாது, வெள்ளச்சி மட்டும். ராஜபாளையம், 5 வயது, பிறவியிலேயே காது கேட்காது. அந்த இனத்தில் வெள்ளை நிறத்தோடு செவிடும் சேர்ந்து வருவது உண்டு. குட்டியிலேயே தெரிந்துவிட்டால் வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம். டீச்சர் தெரிந்தே வாங்கி வந்தவர். 2005-ல் தபால் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கும் ஒன்று வந்ததே, அதை எங்கிருந்தோ தேடிப்பிடித்து வெள்ளச்சியின் தடுப்பூசி அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். கூப்பிட வேண்டுமானால் காலால் தரையைத் தட்டுவார். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். உள்ளங்கையைக் கீழே இறக்கினால் உட்காரும். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, பதறிக் கடித்துவிடும். மூக்குக்கு முன்னால் கையை நீட்டினால் வாசனையிலேயே கண் விழிக்கும். இதையெல்லாம் ஒரு நோட்டுத் தாளில் வரிசையாக எழுதி எடுத்து வந்திருந்தார்.

அன்றைக்கு அவர் கேட்ட மாதிரி கேள்விகளை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. தடுப்பூசி அட்டை இல்லாத நாயைச் சேர்ப்பீர்களா என்றார். சேர்க்க மாட்டோம், பார்வோ என்கிற வயிற்றுப்போக்கு நோய் வந்த நாய் ஒரு கூண்டில் இருந்துவிட்டுப் போனால் அந்தக் கிருமி மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் அடங்காது என்று சொல்லி, நாங்கள் கரைத்து வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரைக் காட்டினேன். வீட்டுச் சாப்பாட்டையே கொடுக்கலாமா என்றார். கொடுக்கலாம், திடீரென்று மாற்றினால் வயிறு கெடும் என்றேன். வெளிக்கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு இருக்கிறதா என்று பார்த்தார். இரட்டைக் கதவு இல்லாத இடத்தில் நாயை விடவே கூடாது. புது இடத்தில் விட்டால் எந்த நாயும் வீட்டைத் தேடி ஓடத்தான் பார்க்கும். கடைசியாகச் சுவர் விரிசலில் விரலை விட்டுத் தடவினார், உண்ணி இருக்கிறதா என்று. நாய் மேல் இருப்பதைவிடச் சுவரிலும் இடுக்கிலும்தான் உண்ணி அதிகம் ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ராத்திரி யார் இருப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

யாருமே கேட்பதில்லை. இருப்பார்கள் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்பது மணிக்குக் கூண்டுகளில் தண்ணீர் வைத்துவிட்டு ஷட்டரை இறக்குவேன். காலை ஆறு மணிக்குத் திறப்பேன். நடுவில் ஒன்பது மணி நேரம் ஆள் கிடையாது. காமிரா உண்டு, ஆனால் அதைப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். கரண்டு போனால் அதுவும் இல்லை, சாரல் காலத்தில் எங்கள் பக்கம் கரண்டு போகாத ராத்திரி எது? காது கேட்காத ஒரு நாய், இருட்டில் கண்ணும் தெரியாமல், ஒன்பது மணி நேரம். டீச்சர் கேட்டபோது என் கண் முன்னால் வந்தது இதுதான். அதனால்தான் விட மாட்டேன் என்றேன்.

ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. "புது இடம், ஏங்கிப்போகும் டீச்சர். வீட்லயே இருக்கட்டும். தெரிஞ்ச ஆள் யாராவது வந்து பாத்துக்கிட்டா நல்லது" என்றேன். அது பொய்யில்லை. அவரும் பக்கத்து வீட்டுப் பையனை மனதில் வைத்திருந்தார் போல, முகம் தெளிந்துவிட்டது. வெள்ளச்சி அதுவரை எங்கள் வரவேற்பறைத் தரையில் படுத்திருந்தது. காலால் தரையைத் தட்டி எழுப்பிக் கூட்டிப்போனார்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் டீச்சர் சும்மா இருந்திருக்க மாட்டார். "ராத்திரிக்கு ஒரு ஆளைப் போடுங்க, சம்பளத்தை நான் குடுக்கேன்" என்று நேரே டாக்டரிடம் போயிருப்பார். இல்லையென்றால் ஒரு எமர்ஜென்சி லைட் வாங்கிவந்து கூண்டுக்கு மேல் மாட்டியிருப்பார். இல்லை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டிலேயே விட்டிருக்கவும் கூடும். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. நான் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்வது என் வேலைக்கே உலை வைப்பதாக இருந்திருக்கும் என்பதும் உண்மை. அங்கே எட்டு வருடம். டாக்டர் நல்ல மனிதர். ஏழு கூண்டில் சாதாரண நாளில் இரண்டுதான் நிரம்பும், அதற்கு ராத்திரி ஆள் போட்டால் கட்டுப்படியாகாது என்பது அவர் கணக்கு. இடத்தையும் காட்டிக்கொடுக்காமல் நாயையும் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது. இப்போதும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

டீச்சர் போன 16-ஆம் நாள் வெள்ளச்சி சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயிருக்கிறது. பையன் போனில் சொல்ல, "என்னைத் தேடுதாளே" என்று டீச்சர் அழுதிருக்கிறார். தயிர்ச்சோறு வைத்தான், கோழி ஈரல் வைத்தான், பால் பிஸ்கட் வைத்தான். வீடியோ காலில் டீச்சர் உள்ளங்கையை இறக்கி இறக்கிக் காட்டியும் அது திரையைப் பார்க்கவே இல்லையாம். இப்படி நாலு நாள். 20-ஆம் நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம். அதன் பிறகுதான் ஆட்டோவில் வந்தார்கள்.

மேசையில் ஏற்றியதும் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. புரட்டினால் அடிவயிறு முழுக்கச் சிவப்புப் புள்ளி. காய்ச்சல் 104. நாய்க்கு இயல்பான சூடே 101-லிருந்து 102.5 வரை என்பதால், பழகாத கை தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் தெரியாது. உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா. பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, 11 ஆயிரம். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுப்போம், பெரும்பாலும் எழுந்துவிடும்.

என்னிடம் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் வேலை. எங்கள் கூண்டில் ஒரு நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் தெர்மாமீட்டர் வைப்பேன், ஈறைப் பார்ப்பேன், வயிற்றைப் புரட்டுவேன். வெள்ளை நாய், குட்டை முடி. அந்தப் புள்ளிகள் கண்ணில் படாமல் போயிருக்காது. பிரிவில் ஏங்குகிற நாய் முதல் இரண்டு மூன்று நாளில்தான் சாப்பிடாமல் கிடக்கும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் 16-ஆம் நாள் புதிதாக ஏங்க ஆரம்பிக்காது. இந்த ஒரு விஷயத்தையாவது அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போர்டிங்கில் சேர்க்கிற நாய்க்கெல்லாம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம்: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எத்தனை ரூபாய் வரை கேட்காமலே வைத்தியம் பார்ப்பது, போனை எடுக்காவிட்டால் யார் முடிவு சொல்வது என்று. வீட்டிலேயே விடுங்கள் என்று சொன்ன நான் அந்தத் தாளில் ஒன்றை எடுத்து டீச்சர் கையில் கொடுக்கவில்லை.

"அண்ணே, ஏக்கம்னுதான் நெனச்சேன்" என்றான் பையன். சட்டையெல்லாம் ரத்தம். "டீச்சர் போறப்பவே சொன்னாங்க. ஏங்கும், சாப்பிடாது, பயப்படாதன்னு. கிளினிக்ல சொன்னாங்களாம்."

நான்தான் சொன்னேன். ராத்திரி ஆள் இல்லை என்று சொல்வதற்குப் பதிலாகச் சொன்ன வார்த்தை அது. அந்த வார்த்தையை நம்பித்தான் டீச்சர் ஷார்ஜாவிலும் இவன் புளியரையிலும் நாலு நாள் காத்திருந்திருக்கிறார்கள். "யாரா இருந்தாலும் அப்படித்தான்டா நெனப்பாங்க" என்று அவன் தோளைத் தட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். உண்ணி கடித்து நோய் வெளியே தெரிய 8 முதல் 20 நாள் ஆகும். விசாரிக்க வந்தபோது வெள்ளச்சி எங்கள் தரையில் அரை மணி நேரம் படுத்திருந்தது. அது டீச்சர் விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னால். கூட்டிப் பார்த்தால் 19 வருகிறது. டாக்டரிடம் கேட்டேன். "மாசக்கணக்கா உள்ளேயே இருந்துட்டும் வெளிய வரும்ப்பா, அதுக்குக் கணக்கு போட முடியாது" என்றார். அவர் சொல்வது சரி. புளியரையில் ஆடு மாடு போகிற தெருவில் உண்ணிக்கா பஞ்சம்? ஆனாலும் மறுநாளே எங்கள் வரவேற்பறைச் சுவரின் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன்.

ரத்தம் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நாய்க்கு முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கொடுக்கிற நாய் கிடைப்பதுதான் பாடு. 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தென்காசியில் ஒரு லாப்ரடார் வீட்டில் பேசினேன், காலையில் கூட்டிவருகிறோம் என்றார்கள். அதுவும் முடியாவிட்டால் விடிந்ததும் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று பேசிக்கொண்டோம்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு ஷட்டரை உள்ளே இருந்து இறக்கினேன். டியூப்லைட்டை அணைக்கவில்லை. கரண்டு இரண்டு தடவை போயிற்று, செல்போன் டார்ச்சைப் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். வெள்ளச்சி என் கையை மோந்தபடி கிடந்தது. மூன்றரை மணிக்கு மூச்சு நின்றுவிட்டது.

டீச்சர் ஊர் திரும்பிய மறுநாளே கிளினிக்குக்கு வந்தார். வீட்டில் மிச்சமிருந்த சாப்பாடு, சங்கிலி, ஒரு போர்வை, எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார், வேறு நாய்களுக்கு ஆகட்டும் என்று. "காசுக்காக வாங்கிப் போட்டுக்கிடாம, இங்க விடாதீங்கன்னு உண்மையைச் சொன்னீங்க தம்பி. யார் நாயைப் பத்திக் கேட்டாலும் இனி உங்ககிட்டதான் அனுப்புவேன்" என்றார். டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றதால்தான் நான் வாயைத் திறக்கவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு எத்தனையோ தடவை புளியரை வழியாகப் போயிருக்கிறேன். டீச்சர் வீட்டுத் தெருவில் வண்டியைத் திருப்பவில்லை.

ராத்திரி ஆள் விஷயத்தை டாக்டரிடம் ஒருவழியாகப் பேசினேன். போர்டிங்கில் நாய் இருக்கிற வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை நானே படுத்துக்கொள்கிறேன், படிக்காசு தருகிறார். மற்ற மூன்று ராத்திரி அம்மாவோடு இருக்க வேண்டும், அவளுக்கு முடியவில்லை. அதற்கு இன்னும் ஆள் அமையவில்லை.

போன மாதம் ஆரியங்காவிலிருந்து ஒருவர் பேசினார். டீச்சர் நம்பர் கொடுத்தாராம். குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகிறார்கள், வெள்ளிக்கிழமை கிளம்பினால் திங்கள் வந்துவிடுவார்கள். அட்டை உண்டு, கறி கொடுக்கலாமா, எவ்வளவு ஆகும் என்றெல்லாம் பேசிவிட்டு, "ராத்திரி ஆள் உண்டுமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் ஆள். "உண்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, வெள்ளி, சனி, ஞாயிறு ராத்திரி மட்டும் ஆள் கிடையாது. ஒன்பதுக்கு அடைச்சா காலைல ஆறுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரி, யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

வரவில்லை. வேறு எங்காவது விட்டாரா, தெரிந்தவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே கட்டிப்போட்டுப் போனாரா, தெரியாது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள், வெளுத்திருந்தால் காத்திருக்காமல் கூட்டிவரச் சொல்லுங்கள், எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணலாம். கேட்டுவிட்டார், நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.