விமானத்தின் முன்வரிசைகள்

2015 ஜனவரியில் விஸ்தாரா விமான நிறுவனம் பறக்கத் தொடங்கியபோது, அதன் ஏ320 விமானத்தில் முன்வரிசைகளில் உள்ள, கட்டணம் மிகுந்த பிசினஸ் வகுப்பில் 16, இடைநிலையான பிரீமியம் எகானமியில் 36, சாதாரண வகுப்பான எகானமியில் 96 என மொத்தம் 148 இருக்கைகள் இருந்தன. உள்நாட்டுப் பயணத்துக்குக் கூடுதல் கட்டணம் தர முன்வந்தவர்கள் போதுமான அளவில் இல்லாததால், அடுத்த ஆண்டே அது 8, 24, 126 என்று மாற்றியமைக்கப்பட்டது. அன்று பலர் இதைத் தோல்வி என்றனர்; தேவையை உணர்ந்து விரைவாகத் திருத்திக்கொண்ட துணிவாகவே நான் அதைக் கருதுகிறேன்.

2006 முதல் ஒரே வகுப்பை மட்டுமே நம்பி வளர்ந்த இண்டிகோ, 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் 'ஸ்ட்ரெச்' என்ற பிசினஸ் வகுப்பை அறிமுகப்படுத்தியது. பின்னர் அது டெல்லி–சென்னைக்கும் வந்தது. வழக்கமாக வரிசைக்கு ஆறு பேர் அமரும் இடத்தில் நான்கு பேரே அமர்வதாலும், கால் நீட்டக் கூடுதல் இடம் விடுவதாலும், இந்த 12 இருக்கைகளும் தாம் விழுங்கும் எகானமி இருக்கைகளின் வருவாயை ஈடுசெய்தாக வேண்டும். நிறுவனச் செலவில் பறக்கும் அலுவலர்கள் நிறைந்த தடங்களில் மட்டுமே இக்கணக்கு நேராகும். கோயம்புத்தூர், மதுரை போன்ற ஊர்களுக்கு அது பொருந்துமா என்பது ஐயமே.

மறுமுனையில், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024-இல் சரக்கறையில் ஏற்றும் பெட்டி இல்லாமல் கைப்பையோடு மட்டும் பயணிப்போருக்கெனக் குறைந்த கட்டணத்தைக் கொண்டுவந்தது. முன்வரிசைகளைவிட இத்தகைய கட்டணங்களே முதன்முறை பறப்பவருக்கு உதவும் என்பதால், நிறுவனங்கள் இவற்றைக் கைவிடக் கூடாது என்று உளமார விரும்புகிறேன்.