துத்தநாக ஆக்சைடு படலம்: தடிமன் குறைந்தால் மின்தடை ஏன் கூடுகிறது?

முனைவர் பட்ட ஆய்வுக்காக நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் துத்தநாக ஆக்சைடு மென்படலங்களைத் தயாரித்து, தடிமனுக்கேற்ப அவற்றின் மின்கடத்தல் எப்படி மாறுகிறது என்று அளந்தேன். இதே வேலையைத் தொடங்கவிருப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும்.

ஜிங்க் அசிடேட்டை மீத்தாக்சி எத்தனாலில் கரைத்து, கரைசல் கலங்காமலிருக்க மோனோ எத்தனாலமைன் சேர்த்து, தெளிந்த கரைசலைச் சுழலும் கண்ணாடித் தகட்டில் சொட்டவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சையும் ஹாட் பிளேட்டில் உலர்த்தி, அதன்மேல் அடுத்ததை ஏற்றி, இறுதியில் 500 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்தோம். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழைகளும் பெய்வதால் ஈரப்பதத்தோடு போராட வேண்டியிருந்தது. ஐப்பசி மழை நாட்களில் படலம் பால்போல் வெளுத்துவிடும். நல்ல படலத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் மஞ்சளும் மாறி மாறித் தெரியும். விளிம்பில் அந்த நிறப்பட்டைகள் நெருங்கி வந்தால், அங்கே தடிமன் சீராக இல்லை என்பது அளக்கும் முன்பே தெரிந்துவிடும்.

நான்கு ஊசிகளை வரிசையாகப் படலத்தில் அழுத்தி, வெளி இரண்டில் மின்னோட்டம் செலுத்தி உள் இரண்டில் மின்னழுத்தம் அளக்கும் நான்கு ஊசி முறையில், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532ஆல் பெருக்கினால் தளமின்தடை, அதாவது படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை, கிடைக்கும். அதைத் தடிமனால் பெருக்கினால் மின்தடை எண் (resistivity). இந்த எண் பொருளுக்கே உரிய மாறிலியாக இருந்தால், தடிமன் பாதியாகும்போது தளமின்தடை இரட்டிப்பாவதோடு கதை முடிந்துவிடும். ஆனால் மெல்லிய படலங்களில் மின்தடை எண்ணே ஏறியது. அவற்றில் படிகத் துகள்கள் சிறியவை. எனவே எலக்ட்ரான்கள் கடக்க வேண்டிய துகள் எல்லைகள் அதிகம். இதோடு, காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால், மேலடுக்கில் கடத்தும் எலக்ட்ரான்கள் குறைந்துபோகின்றன. தடித்த படலத்தில் இந்த இழப்பு சிறு பங்குதான். மெல்லிய படலத்திலோ ஏறக்குறைய முழுத் தடிமனையும் அது பிடித்துக்கொள்ளும்.

புற ஊதா ஒளி மேற்பரப்பில் ஒட்டிய ஆக்சிஜனை விடுவிக்கும் என்பதால், இதைச் சோதிக்கப் புற ஊதா விளக்கைக் காட்டினோம். மீட்டர் முள் சட்டென்று நகர்ந்தது, மின்தடை இறங்கியது. விளக்கை அணைத்தபின் பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்கில் ஆனது. அதனால் எல்லா மாதிரிகளையும் இரவு முழுவதும் இருட்டில் வைத்த பிறகே அளந்தோம். பகல் வெளிச்சத்தில் எடுத்த அளவுகளை ஒப்பிடுவதில் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து.

"இது குவாண்டம் அடைப்பு விளைவா?" என்று ஆய்வுக்குழு கேட்டது, அதாவது மிகக் குறுகிய இடத்தில் எலக்ட்ரான்கள் அடைபடுவதால் அவற்றின் ஆற்றல் நிலைகள் மாறுவதா என்று. இல்லை. துத்தநாக ஆக்சைடில் அந்த விளைவு தலைகாட்ட, தடிமன் சில நானோமீட்டருக்கு இறங்க வேண்டும். எங்கள் படலங்கள் பல பத்து நானோமீட்டர் தடிமன் கொண்டவை, ஆற்றல் இடைவெளியும் (எலக்ட்ரான் கடத்தும் நிலைக்கு ஏறத் தேவையான ஆற்றல்; அடைப்பு விளைவு இருந்தால் இது கூடும்) 3.3 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியே நின்றது. அணு அடுக்குகளே முடிவுசெய்யும் ஆக்சைடுகள் வேறு: ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்மேல் லாந்தனம் அலுமினேட்டை அடுக்கினால், நான்காவது அலகு அடுக்கு (படிகத்தின் ஓர் அலகு அளவுள்ள அடுக்கு) சேரும்போதுதான் இரண்டும் சந்திக்கும் இடைமுகம் கடத்தத் தொடங்குகிறது என்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழுவினர் 2006இல் காட்டினர்.

குழு விளக்கத்தை ஏற்றது. அடுத்த படலங்களில் அலுமினியம் கலக்கிறோம். அதனால் எலக்ட்ரான் செறிவு கூடினால் மேற்பரப்பு இழப்பின் ஆழம் குறைய வேண்டும், மெல்லிய படலமும் நன்றாகக் கடத்த வேண்டும்.