நியாயத்தோடு வரும் சோதனை

சிறுவயதில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் என்றால் எனக்கு இறைச்சி இல்லாத காலம், அவ்வளவுதான். விபூதிப் புதனன்று பாலையூற்று லூர்து மாதா கோயிலிலிருந்து நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்தால் சோறும் பருப்பும் மட்டும் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மீன். திருச்சபை விலக்கச் சொல்வது இறைச்சியைத்தான், மீனை அல்ல. சரி, ஆனால் திருகோணமலையில் பிறந்தவனுக்கு விடியக் கரைக்கு வந்த பாரையில் வைத்த குழம்பைவிட எந்த இறைச்சி பெரிது? 14 வயதிலிருந்து சுத்தபோசனம் (இறைச்சி விலக்குவது), 18 முதல் 59 வரை ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) என்ற விதிகளை நான் மதிக்கிறேன், கைக்கொள்கிறேன். அந்தக் குழம்பை ஒறுத்தல், அதாவது ஆசையை விட்டுக்கொடுப்பது, என்று சொல்லத்தான் மனம் வரவில்லை.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு, ஆண்டவர் இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை வாசிப்பார்கள். மத்தேயு நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள், அலகை, அதாவது சாத்தான், அவரைக் களவெடுக்கச் சொல்லவில்லை, கொலை செய்யச் சொல்லவில்லை, 40 நாள் பசித்திருந்தவரிடம் கல்லை அப்பமாக்கிச் சாப்பிடச் சொல்கிறது. பசித்தவன் சாப்பிடுவதில் என்ன பிழை? அடுத்த சோதனையில் திருப்பாடல் 91ஐயே எடுத்துச் சொல்கிறது. வேத வசனத்தோடு வருகிற சோதனை! எனக்கு இதுதான் பயம். கெட்டது கெட்டதாகவே வந்தால் வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும், நியாயமாக வந்தால் நாமே உள்ளே கூப்பிட்டு இருத்திவிடுவோம்.

எனக்கும் அண்ணாவுக்கும் அப்பாவின் காணி எல்லையில் ஒரு பிரச்சினை. மூன்று வருடம் பேச்சில்லை. நியாயம் என் பக்கம்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த மூன்று தவக்காலமும் ஒரு வெள்ளி தவறாமல் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போனேன், இறைச்சி தொடவில்லை, அண்ணாவின் நம்பரை மட்டும் தொடவே இல்லை. நீதியின்மேல் பசிதாகம் உள்ளவர்கள் பேறுபெற்றோர் என்ற வசனத்தை எனக்குள் சொல்லிக்கொண்டே அந்தக் கோபத்தை வளர்த்தேன். அலகைக்கு என் வீட்டில் வேலையே இருக்கவில்லை.

இந்த முறை ஒறுத்தல் என்று நான் எடுத்தது ஒன்றே ஒன்றுதான்: அண்ணாவைப் பற்றி வீட்டில் யாரிடமும் குறை சொல்வதில்லை. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் முதல் கிழமை சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் கதை நாக்கு நுனிவரை வந்து நின்றது, பசியை அடக்குவது இதைவிட லேசு. மூன்றாவது கிழமை டச்பே கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

“சொல்லு தம்பி” என்றார். நேற்றுப் பேசிவிட்டு வைத்தவர் மாதிரி.

காணிக் கதை முடியவில்லை, வேலி போட்ட இடத்திலேயே நிற்கிறது. ஏற்ற காலம் வரும்வரைதான் அலகை இயேசுவைவிட்டு அகன்றது என்று லூக்கா எழுதியிருக்கிறார், அதனால் அடுத்த தடவை வேலியைப் பற்றிப் பேச்சு வரும்போது என் வாய் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. பெரிய வெள்ளிக்கு வருகிறேன் என்று அண்ணா சொல்லியிருக்கிறார். ஒருசந்தி நாளில் வருகிறவருக்கு என்ன வைப்பது என்று வீட்டில் கேட்டார்கள். கஞ்சி காய்ச்சுவோம், அம்மா காய்ச்சுகிற மாதிரி, என்று சொன்னேன்.