‘வோ’ எழுதப் பழகியது

குவாங்சோவுக்கு வேலைக்கு வந்தபோது சீனம் பேசத் தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தேன். செல்போனில் பின்யின், அதாவது சீன ஒலிப்பை ஆங்கில எழுத்துகளில், தட்டினால் எழுத்து தானாக வந்து நிற்கிறது, கையால் எழுதுவது எதற்கு? மாலை வகுப்பு ஆசிரியை விடவில்லை. “பார்த்து வரையாதீர்கள், எழுதுங்கள்” என்றார். அவர் முதலில் பிடித்துக்கொண்டது ‘வோ’, அதாவது ‘நான்’. வாயைத் திறந்தாலே வரும் சொல். எழுதத்தான் வராது.

எந்தக் கோடு முதலில், எது பிறகு என்ற வரிசைக்கான பொது விதிகள் சுலபம். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக. கிடைக்கோடு முதலில், அதை வெட்டும் நெடுக்கோடு பிறகு. ‘நாடு’ என்பதற்கான ‘குவோ’ மாதிரி பெட்டி எழுத்தென்றால் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுத்தான் அடிக்கோட்டால் மூட வேண்டும். “உள்ளே போன பிறகு கதவைச் சாத்து” என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். இவ்வளவு தெரிந்தால் நிறைய எழுத்துகளைச் சமாளித்துவிடலாம். ‘வோ’வுக்கு இது போதாது.

அதில் ஏழு கோடுகள். மேலே இடப்பக்கம் சாயும் ஒரு சிறு கோடு. அடுத்து, எழுத்தின் அகலம் முழுக்க ஓடும் கிடைக்கோடு. மூன்றாவது, இடப்பாதியில் நேராக இறங்கி அடியில் இடப்பக்கம் கொக்கி போடும். நான்காவது அதை வெட்டிக்கொண்டு வலப்பக்கம் மேல்நோக்கி ஏறும். ஐந்தாவதுதான் பெரிது: மேலே தொடங்கி வலப்பக்கமாகச் சாய்ந்து இறங்கி நுனியில் மேலே கொக்கி போடும். ஆறாவது அதை வெட்டி இடப்பக்கம் இறங்கும் வீச்சு. கடைசியாக வலது மேல் மூலையில் ஒரு புள்ளி.

சிக்கல் இரண்டாவது கோட்டில். பார்க்கும்போது இடப்பாதி ஒரு உறுப்பு, வலப்பாதி இன்னொன்று என்றே தோன்றும். இடப்பாதியை முடித்துவிட்டு வலப்பாதிக்குப் போனால் கிடைக்கோடு இரண்டாக உடைந்து எட்டுக் கோடுகள் ஆகிவிடும். ‘தேடு’ என்பதற்கான ‘ஜாவ்’ உண்மையிலேயே அப்படிப் பிரிந்த எழுத்து: இடப்பக்கம் கை, வலப்பக்கம் ஒரு பழங்காலப் போர் ஆயுதம், கிடைக்கோடுகளும் தனித்தனி. அதிலும் ஏழே கோடுகள். ‘நான்’ தலைக்கோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது என்று இங்கே ஒரு விடுகதை உண்டு. அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டும் குழம்பவில்லை.

வரிசையின் பயன் புரிந்தது மூன்று, நான்கு, ஐந்தாம் கோடுகளைச் சேர்த்து வேகமாக எழுதச் சொன்னபோதுதான். கொக்கி முடியும்போது பேனா இடப்பக்கம் நிற்கிறது. நான்காவது அங்கிருந்தே கிளம்பி, ஐந்தாவது தொடங்கும் உச்சியைப் பார்த்து ஏறுகிறது. அது சாய்ந்திருப்பது அழகுக்காக இல்லை, கை போகும் வழி அது. வரிசை மாறினால் அந்தக் கோடு படுத்துவிடும், எழுத்தும் நொண்டும்.

பூங்காக்களில் பெரியவர்கள் நீண்ட கோலில் பஞ்சுத் தூரிகை கட்டி, தண்ணீரில் தொட்டுக் கல்தரையில் எழுதுவார்கள். குவாங்சோ வெயிலில் முதலில் எழுதிய கோடு முதலில் காய்கிறது. கொஞ்சம் தாமதமாகப் போய் நின்றாலும் வரிசையைப் படித்துவிடலாம்! நோட்டுப் பயிற்சியைவிட எனக்கு இது உதவியது.

பின்யின் பழக்கமில்லாதவர்கள் செல்போனில் கோட்டு வரிசையாலேயே தட்டுகிறார்கள். கிடை, நெடு, இடவீச்சு, புள்ளி, மடிப்பு என்று 1 முதல் 5 வரை ஐந்தே விசைகள். ‘வோ’வுக்கு 3, 1, 2, 1, 5, 3, 4. ஏறும் கோடு கிடைக்கோட்டில் சேர்த்தி, பெரிய சாய்கொக்கி மடிப்பில் சேர்த்தி. ஆக, வரிசை என்பது ஆசிரியையின் பிடிவாதம் மட்டும் இல்லை. 2021 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் அரசுத் தரத்தில் 8,105 எழுத்துகளுக்கு இப்படி வரிசை வகுத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ‘பி’, ‘கட்டாயம்’ என்ற பொருளில் வருவது. பார்த்தால் இதயம் என்ற எழுத்தின் மேல் ஒரு வெட்டு. ஆனால் இதயத்தின் கடைசிப் புள்ளிக்கு முன்பே வெட்டைப் போட்டுவிட வேண்டும். பக்கத்து மேசை ஜப்பானியர் மேல்புள்ளியில் தொடங்கி, இரண்டாவதாகவே வெட்டை எழுதினார். அவர்கள் பள்ளிகளில் அதுதான் சரியாம். ஆசிரியை அவரை விட்டுவிட்டார். என்னை விடவில்லை.